செங்காந்தள் கிழங்கு நடும் முறை

செங்காந்தள், கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு: எல்லாம் ஒரே கொடியின் பெயர்கள். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதற்குச் சூட்டிய பேரினப் பெயர் குளோரியோசா. தாயகம் ஆப்பிரிக்காவும் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவும். ஜிம்பாப்வேயின் தேசிய மலர், தமிழ்நாட்டின் மாநில மலர் இரண்டும் இதுவே.

நடுகிறவருக்கு உதவும் பெயர் கலப்பைக் கிழங்கு. கிழங்கு கலப்பை வடிவில் இருக்கும்: கவைபோல இரண்டு கைகள்; ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே முளை. நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. எனவே வாங்கும்போது பருமனைவிட நுனியைப் பாருங்கள். 50 கிராமுக்குக் குறையாத கிழங்கு நன்று. வெட்டி நடாதீர்கள்.

செடியின் உடல் முழுதும் கொல்சிசின் என்னும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. வள்ளிக்கிழங்கு என்று நம்பித் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. கையுறை போடுங்கள். குழந்தைகளும் ஆடுமாடும் அண்டாத இடமாக இருக்கட்டும்.

ஆனி, ஆடியில் நடலாம். தொட்டி என்றால் 12 அங்குல ஆழமாவது வேண்டும். செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய தொழுவுரம் 1. கிழங்கைப் படுக்கவைத்து, முளை மேல்நோக்க, நான்கு விரல் ஆழத்தில் மூடுங்கள். முளை வரும்வரை மண் ஈரமாக இருந்தால் போதும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். இந்தக் கொடி சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருளும். தடித்த கம்பத்தை அதனால் சுற்ற முடியாது. மெல்லிய குச்சியோ கம்பிவலையோ கொடுங்கள். வயலில் முள்கிளுவைக் குச்சி நட்டுப் படரவிடுகிறார்கள். கறுப்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளியிட்ட புழு இலையைத் தின்னும். காலையில் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

விதை வேண்டுமானால் மகரந்தத்தைக் கையால் சேர்க்க வேண்டும். பூவின் பெண் பாகமான சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்பதால், தானாகக் காய் பிடிப்பது குறைவு. பூ விரிந்த அன்று காலையில் வேறொரு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து, சூல்தண்டின் நுனியான சூல்முடியில் தடவுங்கள். காயின் கரும்பச்சை வெளிறித் தோல் சுருங்கியதும் பறித்து நிழலில் உலர்த்துங்கள். விதையிலிருந்து பூக்க ஆண்டுகள் சில ஆகும்; வீட்டுக்குக் கிழங்கே ஏற்றது.

கொடி மஞ்சளாகிக் காய்ந்தால் பட்டுவிட்டதென்று பிடுங்கி எறியாதீர்கள். பழைய கிழங்கு வற்றி, புதியது உள்ளே உறங்குகிறது. அடுத்த நடவுப் பருவம்வரை தண்ணீரை நிறுத்திவிடுங்கள்.