அடிமை ஒழிப்பு இதழ்களை ஏமாறாமல் படிக்க

அமெரிக்காவின் பாஸ்டனில், அடிமைமுறையை எதிர்த்த வில்லியம் லாயிட் கேரிசன் 1831 ஜனவரி 1 முதல் 1865 டிசம்பர் 29 வரை நடத்திய வார இதழ் 'தி லிபரேட்டர்'. ஸ்கேன் பிரதியில் தேதி அழிந்திருந்தால் தொகுதி எண்ணோடு 1830-ஐக் கூட்டுங்கள். 17-ஆம் தொகுதி என்றால் 1847.

பலர் சறுக்குவது முதல் பக்கத்தில்தான். 'ரெஃப்யூஜ் ஆஃப் அப்ரெஷன்' (ஒடுக்குமுறையின் புகலிடம்) என்ற தலைப்பைக் கண்டால் நிதானியுங்கள். அடிமைமுறையை ஆதரித்து மற்ற ஏடுகள் எழுதியதை, அம்பலப்படுத்துவதற்காகவே கேரிசன் அங்கே மறுபதிப்பு செய்தார். அதை எடுத்து அவர் கருத்தென்று மேற்கோள் காட்டினால் எல்லாம் தலைகீழ். எந்தப் பத்தி ஆனாலும் மேலும் கீழும் பார்த்து, எந்த ஏட்டிலிருந்து எடுத்தது என்ற குறிப்பைத் தேடிவிட்டு நகல் எடுங்கள். மூல ஏட்டின் தேதி முந்தையதாக இருக்கும்.

ஸ்கேன் பிரதிகளில் சொல் தேடும் பொறியை முழுசாக நம்பாதீர்கள். அச்சுப் பத்தி (column) குறுகல் என்பதால் வரிக்கடைசியில் சொல் இரண்டாக உடையும், பின்பக்க மையும் ஊறித் தெரியும்; அதனால் பொறி சொல்லைத் தவறவிடும். கிடைக்காவிட்டால் பாதிச் சொல்லைத் தேடுங்கள்.

இதழ்களின் பெயரும் மாறும். அடிமை ஒழிப்புப் போராளி ஃபிரெட்ரிக் டக்ளஸ் 1847-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் தொடங்கிய 'தி நார்த் ஸ்டார்', 1851-இல் வேறோர் இதழோடு இணைந்து 'ஃபிரெட்ரிக் டக்ளஸ் பேப்பர்' ஆனது. பழைய பெயரில் மட்டும் தேடினால் பாதி கைநழுவும்.