வார்பேண்ட் விளையாட்டில் தொழிற்கூடம் வைத்து வாராவாரம் வருமானம் பெறும் முறை

துருக்கியின் டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனம் உருவாக்கி 2010-இல் வெளிவந்த, படை திரட்டிப் போரிடும் கணினி விளையாட்டான மவுண்ட் அண்ட் பிளேட்: வார்பேண்டைப் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஆர்வத்தில் படையைப் பெருக்கிவிடுகிறார்கள். வாரம் முடிந்ததும் சம்பளக் கணக்கு வந்து நிற்கிறது. கொடுக்கப் பணம் இல்லாததால் வீரர்களின் மன உறுதி குலைந்து படை கலைகிறது. விடுமுறைக்குக் காரைக்குடி வந்த என் தம்பி மகனுக்கும் இதுவே நேர்ந்தது. எங்கள் வீட்டுக் கூடமான பட்டாசாலையில் உட்கார்ந்து அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்த முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதற்படி, கைமுதல் சேர்ப்பது. நகரங்களில் நடக்கும் போட்டிகளில் கலந்துகொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் மீதே அதிகபட்சப் பந்தயமான 100 தினாரை (தினார் என்பது விளையாட்டின் நாணயம்) வையுங்கள். இறுதிவரை வென்றால், சிறிய தொழில் ஒன்றைத் தொடங்குவதற்கு வேண்டிய பணம் ஒரே நாளில் கிடைத்துவிடும். இந்தக் கட்டத்தில் படை சிறியதாகவே இருக்கட்டும்.

இரண்டாம் படி, நகரத்தின் கில்டு மாஸ்டரை, அதாவது வணிகர் சங்கத் தலைவரைச் சந்திப்பது. நகரத்துக்குள் நுழைந்து தெருவில் நடந்தால் அவரைக் காணலாம். தொழிற்கூடம் அமைக்க நிலம் வேண்டும் என்று கேளுங்கள். அந்த நகரத்தாருக்கு உங்கள் மீது மனக்கசப்பு இருந்தால் காரியம் நடக்காது. அவர்களுக்கு ஒன்றிரண்டு வேலைகளை முடித்துக்கொடுத்து நல்ல பெயர் வாங்கிய பிறகு மீண்டும் கேளுங்கள். ஒரு நகரத்தில் ஒரு தொழிற்கூடம்தான் வைக்க முடியும்.

மூன்றாம் படியில் அவசரப்படக் கூடாது. ரொட்டி சுடும் கூடத்துக்கு 1,500 தினார், மது வடிக்கும் கூடத்துக்கு 2,500, இரும்புப் பட்டறைக்கு 3,500, எண்ணெய்ச் செக்குக்கு 4,500, திராட்சை மது ஆலைக்கு 5,000, தோல் பதனிடும் கூடத்துக்கு 8,000, வெல்வெட் நெய்து சாயமேற்றும் கூடத்துக்கு 10,000 தினார் என்று முதல் தேவைப்படும். நீங்கள் சம்மதம் சொல்வதற்கு முன்பே, மூலப்பொருள் செலவு, கூலி, பராமரிப்பு எல்லாம் போக வாரத்துக்கு என்ன மிஞ்சும் என்ற மதிப்பீட்டைக் கில்டு மாஸ்டர் சொல்லிவிடுவார். பலர் அதைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். போட்ட முதலை அந்த வார வருமானத்தால் வகுத்துப் பாருங்கள். ரொட்டிக் கூடம் வாரத்துக்கு 150 தினார் தருமென்றால் பத்து வாரத்தில் முதல் திரும்பிவிடும்; வெல்வெட் கூடம் 500 தருமென்றால் இருபது வாரம் ஆகும். முதல் விரைவில் திரும்ப வேண்டும் என்பதற்காகத் தொடக்கத்தில் ஒரு ரொட்டிக் கூடம் வைப்பதில் தவறில்லை. ஆனால் நகரத்துக்கு ஒன்றுதான் என்பதால், பணம் சேர்ந்த பிறகு மற்ற நகரங்களில் வெல்வெட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே சரக்குக்கும் மதிப்பீடு ஊருக்கு ஊர் மாறும். ஆகவே இரண்டு மூன்று நகரங்களில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான்காம் படியைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். முதலை ஒரே நாட்டில் போடாதீர்கள். விளையாட்டு நடக்கும் கற்பனை நிலப்பரப்பான கால்ரேடியாவில் ஆறு அரசுகள் உள்ளன. உங்களுக்குப் பகையான அரசின் நகரத்தில் இருக்கும் தொழிற்கூடம், சமாதானம் ஏற்படும்வரை ஒரு காசும் தராது. நான் முதன்முறை விளையாடியபோது மூன்று கூடங்களையும் சுவாடிய நகரங்களிலேயே வைத்துவிட்டு, பிறகு நோர்டு அரசருக்கு விசுவாசம் செலுத்தினேன். இரண்டு அரசுகளுக்கும் போர் மூண்டதும் மூன்று கூடங்களின் வருமானமும் ஒரே வாரத்தில் நின்றுபோனது. கடல் கடந்து கொண்டுவிக்கப் போன எங்கள் பக்கத்து நகரத்தார் (செட்டியார்) சமூகத்தார் தங்கள் முதலில் பெரும்பகுதியைப் பர்மாவில் வைத்திருந்தபோது, 1942-இல் ஜப்பானியப் படை அங்கே நுழைந்து அனைத்தையும் முடக்கியதையும், உயிர் பிழைக்கப் பலர் கால்நடையாகவே ஊர் திரும்பியதையும் ஐயா சொல்லக் கேட்டு வளர்ந்த நான், விளையாட்டில்கூட அதை மறந்திருக்கக் கூடாது. எந்த அரசருக்கும் கட்டுப்படாமல் இருக்கும் தொடக்க நாட்களே எல்லா நாடுகளிலும் கூடம் அமைக்க ஏற்ற காலம். சுவாடியாவில் பிராவென், நோர்டு நாட்டில் சார்கோத், ரோடோக் நாட்டில் ஜெல்கலா, சர்ரானிட் நாட்டில் ஷரீஸ் என்று பிரித்து வைத்தால், ஒரு பக்கம் போர் வந்தாலும் மற்ற பக்கங்களிலிருந்து வரவு தொடரும்.

ஐந்தாம் படி, மேற்பார்வை. கூடம் தானாகவே இயங்கும் என்றாலும், பயண வழியில் பட்டு நூலோ சாயமோ மலிவாகக் கிடைத்தால் வாங்கி வெல்வெட் கூடத்தின் கிடங்கில் வைத்துவிடுங்கள்; அங்குள்ள கைவினைஞர் முதலில் அதையே பயன்படுத்துவதால் அந்த வாரச் செலவு குறையும்.

வாராவாரம் வரும் வரவுசெலவு அறிக்கையில் ஒவ்வொரு கூடத்தின் வருமானமும், படைக்கான சம்பளமும் தனித்தனியாகக் காட்டப்படும். தம்பி மகன் அந்த இரண்டு தொகைகளையும் ஒரு நோட்டில் வரவு, பற்று என்று எழுதிவருகிறான். கூடங்களின் வரவு சம்பளத்தைத் தாண்டிய வாரத்தில்தான் அவன் அடுத்த பத்து வீரர்களைச் சேர்த்தான்.