லெஃப்ட் 4 டெட் 2: நண்பர்களோடு சேர்ந்து ஆடத் தொடங்குவது எப்படி?

வால்வ் 2009-ல் வெளியிட்ட கேம் இது. நால்வராகச் சேர்ந்து ஜோம்பிகளிடமிருந்து தப்பிக்க இன்றும் என் முதல் தேர்வு இதுதான். பழைய கணினியிலும் ஓடும். எல்லோரிடமும் ஸ்டீமில் (வால்வின் ஆன்லைன் கேம் கடை) கேம் இருக்கிறது, ஃபிரெண்ட் லிஸ்டிலும் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: லாபி

ஒருவர் மட்டும் லாபி (ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் கூடும் இடம்) திறந்து, 'ஃபிரெண்ட்ஸ் ஒன்லி' வைத்து மற்றவர்களை அழையுங்கள். அடுத்து சர்வர் வகை. பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். 'பெஸ்ட் அவெய்லபிள்' என்றே விட்டால் சில நேரம் எங்கோ தொலைவில் உள்ள சர்வர் கிடைக்கும். பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) எகிறும், நீங்கள் சுட்டும் ஜோம்பி விழாமல் ஓடிவரும். அப்படி நடந்தால் 'லோக்கல் சர்வர்' என்று மாற்றுங்கள். அப்போது லாபி திறந்தவரின் கணினியே சர்வர். அதனால் யாருடைய இணையத்தில் அப்லோடு வேகம் அதிகமோ அவரே லாபியைத் திறக்கட்டும், அதுவும் வைஃபையில் இல்லாமல் கேபிளில்.

படி 2: கேம்பெய்ன்

கேம்பெய்ன் என்றால் பல கட்டங்கள் கொண்ட ஒரு கதை. 'நோ மெர்சி' என்ற கேம்பெய்னில் தொடங்குங்கள். 'டெட் சென்டர்' என்ற இன்னொரு கேம்பெய்னின் முடிவில் 13 பெட்ரோல் கேன்களைத் தேடி ஆளுக்கொரு பக்கம் ஓட வேண்டியிருக்கும்; புதியவர்கள் சிதறிவிடுவார்கள். நோ மெர்சியில் மருத்துவமனை மொட்டை மாடியில் ஒன்றாக நின்று தாக்குப்பிடித்தால் போதும். கடினநிலை நார்மல். ஈஸியில் நண்பர் மேல் குண்டு பட்டாலும் அடி விழாது, பார்த்துச் சுடும் பழக்கமே வராது.

படி 3: பிரியாதீர்கள்

ஹண்டர் (பாய்ந்து தாக்கும் சிறப்பு ஜோம்பி) மேலே பாய்ந்து அமுக்கிவிட்டால் உங்களால் எழவே முடியாது, இன்னொருவர் வந்துதான் விடுவிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் சுடத் தேவையில்லை, மவுஸின் வலது பட்டனை அழுத்தித் தள்ளினாலே ஹண்டர் தெறித்துப்போவான். குறுகிய வழியில் முன்னால் நிற்பவர் குனிந்துகொள்ளட்டும், பின்னால் இருப்பவர் தலைக்கு மேலாகச் சுடலாம்.

இருமுறை வீழ்ந்து எழுந்தவருக்குத் திரை கறுப்பு வெள்ளையாகும். அடுத்த முறை வீழ்ந்தால் சாவுதான். மெட்கிட் (முதலுதவிப் பெட்டி) இருந்தால் முதலில் அவருக்குப் போடுங்கள்.

ஆடும்போது ஒருவரோடொருவர் பேச நான் டிஸ்கார்ட் செயலியைத்தான் சொல்வேன், கேமின் குரல் வசதியில் போலப் பட்டனை அழுத்திக்கொண்டே ஓட வேண்டாம்.

பிற்சேர்க்கை: மூன்று பேர்தான் இருக்கிறோம் என்று கேட்டிருந்தீர்கள். நான்காவது ஆளாக பாட் (கணினியே இயக்கும் ஆள்) வரும், தாமதமாக வரும் நண்பர் அதன் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். பாட்கள் பைப் பாம் (ஜோம்பிகளை ஈர்த்து வெடிக்கும் குண்டு) வீசாது, அதனால் கண்ணில் படுவதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.