பாஸ்புக் யார் கையில் இருக்கிறது? ஊருக்குப் போகும் டெல்டா ஓய்வூதியருக்கு

வெளிநாட்டிலிருந்து மூன்று வாரத்துக்கு ஊருக்கு வந்தால், அலுவலகம் திறந்திருக்கும் நாள் பதினைந்துகூடத் தேறாது. அரசு அலுவலகத்துக்குச் சனிக்கிழமை கிடையாது. வங்கிக்கு இரண்டாம், நான்காம் சனி கிடையாது. இடையில் ஓர் உள்ளூர் விடுமுறை வந்து விழும்: தஞ்சாவூரில் சதய விழா, திருவாரூரில் ஆழித்தேர், நாகையில் கந்தூரி. அன்றைக்கு வங்கி வழக்கம்போல் இயங்கும், ஏனென்றால் உள்ளூர் விடுமுறை, வங்கி விடுமுறையை முடிவு செய்யும் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. பென்ஷன் வழங்கும் அரசுக் கருவூலம் அவசர வேலைக்கென்று சில பேரோடு திறந்திருக்கும். உங்கள் கோப்பைப் பார்க்கிறவர் அந்தச் சில பேரில் இருப்பார் என்று நம்பி பஸ் ஏறாதீர்கள். மாதத்தின் முதல் ஐந்து நாள் வங்கியில் பென்ஷன் கூட்டம். நவம்பர் நடுவில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி வரும். சிட்டாவும் அடங்கலும் கையுமாக விவசாயிகள் இ-சேவை மையத்திலும் வங்கியிலும் நிற்பார்கள். விமானத்துக்கு நேரமாகிறது என்று சொல்லி அவர்களை முந்த நமக்கு உரிமை இல்லை. இங்கேயே இருந்து அந்த மழையில் நனைகிறவர்கள் அவர்கள்.

ஆகவே வெளிநாட்டிலிருந்தே முடிகிற வேலையை அங்கேயே முடித்துவிட்டு வாருங்கள். அப்படி முடிகிற வேலைகளில் முதலாவது, ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுதோறும் தரும் வாழ்வுச் சான்று.

பென்ஷன் புத்தகத்தை எடுத்துப் பணம் யார் தருகிறார்கள் என்று பாருங்கள். கருவூலம் வழியே வாங்கும் மாநில அரசு ஓய்வூதியருக்கு 2023 முதல் ஓய்வு பெற்ற மாதமே நேர்காணல் மாதம், அதாவது வாழ்வுச் சான்று தர வேண்டிய மாதம். முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை என்று இருந்த நினைப்பிலேயே இன்னும் டிக்கெட் போடுகிறவர்கள் உண்டு. கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனத்தில் இருந்த ஆசிரியர்கள் தங்கள் மாதம் மே என்று நினைத்திருப்பார்கள். புத்தகத்தில் உள்ள ஓய்வு நாள் எதுவோ அந்த மாதம்தான். ரயில்வே, தபால் போன்ற மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர்; 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியர் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும்.

ஆதார் இருந்தால் ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். இரண்டு செயலிகள் வேண்டும்: ஒன்று ஜீவன் பிரமாண், இன்னொன்று ஆதாரின் முக அடையாளச் செயலி. முதலில் 'ஆபரேட்டர்' என்று ஒருவர் தன் ஆதாரைப் பதிய வேண்டும். அது மகனாகவோ மகளாகவோ இருக்கலாம், ஓய்வூதியரே இருக்கலாம். அப்புறம்தான் ஓய்வூதியர் விவரமும் முகமும். முகம் பதியாமல் போவதற்குப் பெரும்பாலும் வெளிச்சம்தான் காரணம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள், கண்ணாடியைக் கழற்றுங்கள், கண்ணை மூடித் திறக்கச் சொன்னால் நிதானமாகச் செய்யுங்கள். வயலிலும் அடுப்படியிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை விழாமல் தவித்த பெரியவர்களுக்கு இந்த முக முறை பெரிய விடுதலை.

தவறு நடக்கும் இடம் வேறு. பணம் வழங்கும் அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் மத்திய அரசு, மாநில அரசு எல்லாம் வரிசையாக வரும். கும்பகோணம் சார்நிலைக் கருவூலத்தில் இருக்கிறவர் தஞ்சாவூர் மாவட்டக் கருவூலம் என்று போட்டால் சான்று உருவாகிவிடும், எண்ணும் குறுஞ்செய்தியில் வந்துவிடும், ஆனால் உரிய மேஜைக்குப் போகாது. எண் வந்தால் வேலை முடிந்தது என்று இருக்கக் கூடாது. சில நாள் கழித்து ஜீவன் பிரமாண் தளத்தில் நிலையைப் பாருங்கள்; ஏற்கப்பட்டது என்று வரவேண்டும்.

ஆதார் இல்லாதவர்கள் இந்தியத் தூதரக அதிகாரி அல்லது அந்நாட்டு நோட்டரி முன் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பலாம். கையெழுத்தை வீட்டிலேயே போட்டு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் நேர்காணல் மாதத்துக்கு முந்தைய தேதி இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். பென்ஷன் புத்தக எண், பாஸ்புக் முதல் பக்க நகல், பாஸ்போர்ட் நகல் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். குடும்ப ஓய்வூதியருக்கு மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற உறுதிமொழியும் சேரும். எண்பது வயது அம்மாவிடம் அதில் கையெழுத்து வாங்குவது சங்கடமான வேலை. என்ன தாள் என்று சொல்லி, உட்கார வைத்து வாங்குங்கள்.

அடுத்தது கணக்கின் வகை. வெளிநாட்டிலேயே தங்குவதென்று ஆகிவிட்டால், ஊரில் இருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்கு வைக்கும் என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. பென்ஷன் அந்தக் கணக்கிலேயே வரவாகும். பாஸ்போர்ட், விசா அல்லது குடியிருப்பு அனுமதி, வெளிநாட்டு முகவரிச் சான்று, பான், புகைப்படம், எந்த நாட்டில் வரி கட்டுகிறவர் என்னும் வரி வசிப்பிட உறுதிமொழி ஆகியவற்றைக் கொடுத்துப் பழைய காசோலைகளையும் கார்டையும் ஒப்படைக்க வேண்டும். இதில் கேட்டே தீர வேண்டிய கேள்வி ஒன்று: கணக்கு எண் மாறுமா? சில வங்கிகளில் அதே எண் தொடரும், சிலவற்றில் புது எண். புது எண் என்றால் அன்றைக்கே கருவூலத்தில் எழுதிக் கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் கொடுத்தால் அந்த மாதப் பட்டியலில் ஏறும். பட்டியல் போன பிறகு கொடுத்தால் பணம் பழைய எண்ணுக்குப் போய்த் திரும்பிவிடும். திரும்பிய பணத்தை மறுபடி வரவைப்பதற்குள் உங்கள் விடுப்பு முடிந்திருக்கும்.

என்ஆர்ஓ வட்டிக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீதத் தீர்வையும், ஆக 31.2 சதவீதம் பிடிப்பார்கள். வசிக்கும் நாட்டின் வரி வசிப்பிடச் சான்றைக் கொடுத்தால் இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி குறையும். அதிகம் பிடித்ததை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பென்ஷன், வட்டி, வாடகை போன்ற நடப்பு வருமானத்தை வரி கட்டியபின் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடையில்லை. வீடு, நிலம் விற்ற பணம் போன்றவைதான் நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்ற வரம்புக்குள் வரும். 'என்ஆர்ஓ ஆக்கினால் பணம் முடங்கிவிடும்' என்று டீக்கடையில் சொல்வதைக் கேட்டு மாற்றாமல் இருக்காதீர்கள்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தவர்கள்கூட வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. புறப்படும் நாள் காலையில், வாசலில் கார் நிற்கும்போது, தம்பி மகன் கையில் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் வைத்து, நான்கு இலக்க ரகசிய எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறுவது. டெல்டாவில் வீட்டுக்கு வீடு இது நடக்கிறது. அவனும் யாரோ அல்ல. கரண்ட் பில் கட்டுகிறவன், தோப்புக்கு ஆள் விடுகிறவன், குலதெய்வத்துக்குப் படையல் போடுகிறவன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓடு பறந்த வீட்டுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு நின்றவன். நாம் அங்கே இல்லையே என்ற உறுத்தல்தான் கார்டாகக் கைமாறுகிறது. 'நீங்க அங்க நல்லா இருக்கீங்க பெரியப்பா, இது உங்களுக்கு எம்மாத்திரம்' என்று அவன் சொன்னால் நமக்குப் பதில் வருவதில்லை.

ஆனால் சட்டமும் வங்கியும் இந்த உறவைப் பார்ப்பதில்லை. ரகசிய எண் போட்டு எடுத்த ஒவ்வொரு தொகையும் நீங்களே எடுத்ததாகத்தான் கணக்கு. கார்டோடு சிம்மும் போகும், ஓடிபி அதற்குத்தானே வருகிறது. சிம் கையில் இருந்தால் உங்கள் பெயரில் மொபைல் பேங்கிங் தொடங்கலாம், வைப்பு நிதியை உடைக்கலாம், செயலி வழியே கடன்கூட வாங்கலாம். ஏப்ரலில் வங்கியில் கேட்டார்கள் என்று, வட்டிக்கு வரி வேண்டாம் என்னும் மூத்த குடிமக்கள் படிவத்தை, 15எச் என்று சொல்லிவந்தோமே, அதை உங்களுக்காக நல்லெண்ணத்தோடு கொடுத்துவிடுவார்கள். அது இந்தியாவில் வசிப்பவர்களுக்கானது. வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் கொடுத்தால் பொய் உறுதிமொழி, பொறுப்பு உங்களுடையது.

கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை இதைவிட மோசம். உரக்கடைப் பாக்கிக்கோ வட்டிக்கு வாங்கிய பணத்துக்கோ ஈடாக அது யார் கைக்கோ போய், பணம் இல்லாமல் திரும்பினால், செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவின்படி வழக்கு கையெழுத்துப் போட்டவர் மேல்தான். நோட்டீஸ் கிடைத்துப் பதினைந்து நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். நோட்டீஸ் போவதோ பூட்டிய வீட்டின் முகவரிக்கு. காசோலைப் புத்தகத்தில் கையெழுத்திட்டு விட்டுவந்த தாள் ஒன்று இருந்தாலும், எண்ணைச் சொல்லி வங்கியில் நிறுத்தச் சொல்லுங்கள். பாக்கித் தாள்களை வங்கியில் ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.

ஊருக்குப் போனதும் கார்டைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். அதுவும் சாப்பாட்டுப் பந்தியில், நாலு பேர் முன்னால், கேட்கவே கூடாது. நேரே கிளைக்குப் போய், பழைய கார்டை முடக்கிப் புதியது கேளுங்கள். கைபேசி எண்ணை உங்கள் கையில் இருக்கும் எண்ணுக்கு மாற்றுங்கள். வெளிநாட்டு எண்ணை ஏற்கும் வங்கியாக இருந்தால் அதையே கொடுங்கள். இந்திய சிம்மே வேண்டுமென்றால் ரோமிங்கை இங்கிருக்கும்போதே திறந்து, ரீசார்ஜ் விடாமல் போடுங்கள். 90 நாள் பயன்படாத எண்ணை ரத்து செய்து பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பாஸ்புக்கில் விடுபட்ட மாதங்களைப் பதிந்து வாங்குங்கள். பதிந்து வாங்கியதைத் தனியே உட்கார்ந்து பாருங்கள். தொகை மனத்தைச் சுட்டாலும் கணக்குக் கேட்காதீர்கள் என்றுதான் சொல்வேன். எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தது நாம். ஆண்டுக்கணக்கில் போன் செய்து 'எல்லாம் சரிதானே' என்று மட்டும் கேட்டதும் நாம்.

கொடுக்க வேண்டியதை வெளிப்படையாகக் கொடுங்கள். மாதம் இவ்வளவு என்று முடிவு செய்து, பென்ஷன் வந்த ஐந்தாம் நாள் உங்கள் கணக்கிலிருந்து அவன் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கலாம். பெரியப்பா தம்பி மகனுக்குக் கொடுப்பது உறவினர் கொடையாகவே சேரும், அவனுக்கு வரி இல்லை. உறவில்லாத ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொண்டு அன்பளிப்பாக வாங்கினால், ஆண்டுக்கு 50,000 ரூபாய் தாண்டும்போது அவருக்கு வரி வரும். வீட்டுச் செலவு வேறு, அவனுக்குக் கொடுப்பது வேறு என்று இரண்டாகப் பிரித்தே அனுப்புங்கள். ஒன்றாக அனுப்பினால் ஓடு மாற்றிய செலவுக்கும் அவன் உழைப்புக்கும் இடையே ஒவ்வொரு பொங்கலுக்கும் மனஸ்தாபம் வரும்.

உங்களுக்காக யாராவது கணக்கைக் கையாண்டே ஆக வேண்டும் என்றால் பவர், அதாவது அதிகாரப் பத்திரம், எழுதுங்கள். எந்தக் கணக்கு, எந்தெந்தச் செலவு என்று குறிப்பாக எழுதிய பவர் போதும். பவர் வாங்கியவர் உள்ளூர்ச் செலவுகளுக்குப் பணம் எடுக்கலாம்; உங்கள் சார்பில் யாருக்கும் கொடையாகக் கொடுக்க முடியாது. வெளிநாட்டில் எழுதினால் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பி, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பிறகு கிளையில் பதிவு செய்தால்தான் செல்லும். ஊரில் இருக்கும்போதே எழுதிப் பதிந்துவிடுவது எளிது.

பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்த கணமே அது செத்துவிடும். கார்டு விஷயத்தில் குடும்பங்கள் சிதறுவதும் இங்கேதான். ஓய்வூதியர் வெளிநாட்டில் காலமாகிறார். காரியம், பதினாறாம் நாள் என்று எல்லாரும் ஓடுகிறார்கள். கருவூலத்துக்கு யாரும் சொல்வதில்லை. பென்ஷன் வந்துகொண்டே இருக்கிறது, ஊரில் கார்டு எடுத்துக்கொண்டே இருக்கிறது. இறந்த நாள்வரைதான் ஓய்வூதியம். அதன் பிறகு ஏறியதை அரசு திரும்ப வசூலிக்கும், முதலில் அந்தக் கணக்கிலிருந்தே. கணக்கில் இல்லையென்றால் அந்தச் சிக்கல் தீரும்வரை தவிப்பது குடும்ப ஓய்வூதியம் வாங்க வேண்டிய மனைவி. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் இறந்தால் அந்நாட்டுச் சான்றோடு தூதரகத்திலும் பதிவு செய்யுங்கள். அந்நாட்டுச் சான்றுக்கு அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று அந்நாட்டு அரசு தரும் முத்திரை, அங்கே கிடைக்குமானால் அதையும் வாங்கி வையுங்கள். கருவூலத்திலும் வங்கியிலும் இவைதான் பேசும்.

ஆகவே கிளம்பும் முன் கிளையில் இன்னும் அரைமணி நேரம் ஒதுக்கி, உங்களுக்குப் பிறகு கணக்கிலுள்ள பணத்தைப் பெற வேண்டிய நியமனதாரர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய கணக்குகளில் காலமாகிவிட்ட அப்பா பெயரே நிற்கும். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம். கருவூலத்தின் தொலைபேசி எண், பென்ஷன் புத்தக எண், கணக்கு எண் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, உங்களோடு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் ஒன்றும், ஊரில் தம்பி மகனிடம் ஒன்றும் கொடுங்கள். அவனிடம் கொடுக்கும்போது, எனக்கு ஏதாவது ஆனால் அன்றைக்கே கருவூலத்துக்கு நீதான் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.