ரோலரை இரவில் கழுவாதீர்கள்

சுவருக்கு எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட், சனிக்கிழமை முதல் கோட் அடித்து ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கோட் அடிப்பதாக இருந்தால், ரோலரையும் பிரஷ்ஷையும் இரவில் கழுவ வேண்டாம். பெயின்ட் ஈரத்தோடு அப்படியே பிளாஸ்டிக் கவருக்குள் நுழைத்து, காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு, கைப்பிடிப் பக்கம் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நாலு இஞ்ச் பிரஷ்ஷுக்குக் கழுவித் துடைத்த அரை லிட்டர் பால் கவரே போதும். ரோலருக்கு 5 கிலோ கோதுமை மாவு வந்த கவர் சரியாக இருக்கும்.

எமல்ஷன் காய்வது அதிலுள்ள தண்ணீர் ஆவியாவதால்தான். ஆவியாக வழி இல்லையென்றால் மறுநாள் காலையிலும் அது பெயின்டாகவே இருக்கும். ஒன்பது இஞ்ச் ரோலரைக் கழுவியவர்களுக்குத் தெரியும், எத்தனை பக்கெட் ஊற்றினாலும் வெள்ளையாக வந்துகொண்டே இருக்கும். அவ்வளவும் காசு கொடுத்து வாங்கிய பெயின்ட். தவிர, கழுவிய ரோலர் காலைக்குள் முழுதாகக் காயாது. அந்த ஈரத்தோடு அடித்தால் சுவரில் திட்டுத் திட்டாகத் தெரியும்.

ஒயிட் சிமென்ட் பட்டி பூசிய தகட்டுக்கு இது உதவாது. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுவது, மூடி வைத்தாலும் கல்லாகிவிடும். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்ஸி பெயின்டும் மூடி வைத்தாலும் இறுகிவிடும். அடுத்த கோட் அடுத்த வாரம்தான் என்றாலும் சோம்பல் படாமல் ரோலரை அன்றைக்கே கழுவிவிடுங்கள்.