தேங்காய்த் தண்ணீரில் காடி தயாரிக்கும் முறை

குமரி மாவட்டத்தில் கொப்பரைக்காக முற்றிய தேங்காய் உடைக்கும் களங்களில் தண்ணீர் பெரும்பாலும் மண்ணில்தான் வடிகிறது. அதைக் காடியாக, அதாவது வினிகராக, மாற்றித் தருபவை அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள். ஸ்பெயினின் ரியோ டின்டோ ஆற்றில் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 2-ஐ ஒட்டிய நீரில் வாழும் நுண்ணுயிர்களைப் போல இவை கடும் அமிலத்தைத் தேடிப் போய் வாழ்பவை அல்ல. தாமே அமிலத்தை உண்டாக்கி, மற்றவற்றால் தாங்க முடியாத புளிப்பில் நிலைத்துவிடுபவை. அக்கானி (பதநீர்) புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோமே, அதற்கு நேர் எதிரான வேலை இது.

உடைத்த அன்றே தண்ணீரை வடிகட்டிக் கொதிக்க வைத்து, லிட்டருக்குச் சுமார் 70 கிராம் சர்க்கரை கரைத்து, நன்றாக ஆறிய பின் கால் தேக்கரண்டி ஈஸ்ட் சேர்க்க வேண்டும். வாயு வெளியேறும்படி மூடியைத் தளர்வாக வைத்தால், ஒரு வாரத்துக்குள் நுரை அடங்கிச் சர்க்கரை ஆல்கஹாலாக மாறியிருக்கும்.

அடியில் தங்கிய வண்டலை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் வாயகன்ற கண்ணாடிப் பாத்திரத்திலோ பீங்கான் பரணியிலோ ஊற்றுங்கள். அலுமினியம், பித்தளை, இரும்பு ஆகியவற்றை அமிலம் அரிக்கும். இனி, தெளிவின் அளவில் கால் பங்கு தாய்க்காடி, அதாவது உயிருள்ள பாக்டீரியாக்கள் கொண்ட பழைய காடி, சேர்க்க வேண்டும். கடையில் விற்கும் செயற்கை வினிகர் வெறும் நீர்த்த அசிட்டிக் அமிலம். அதில் உயிர் ஏதுமில்லை. சூடாக்காத, வடிகட்டாத இயற்கைக் காடியே உதவும். அதிலுள்ள அமிலம் முதல் நாளிலேயே பி.எச். அளவைத் தாழ்த்திப் பூஞ்சைகளுக்கு இடம் கொடுக்காமல் செய்வதால், இந்தக் கால் பங்கில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இந்த பாக்டீரியாக்கள் தம் செல்சவ்வின் வெளிப்புறத்தில் இருக்கும் நொதிகளால் ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. உருவாகும் அமிலம் பெரும்பாலும் செல்லுக்கு வெளியிலேயே சேர்கிறது, உள்ளே கசிவதை அவை வெளியே தள்ளிவிடுகின்றன. இதற்குக் காற்று வேண்டும் என்பதால் மூடி போடாமல், ஈ நுழையாத நெருக்கமான துணியை வாயில் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். 30 டிகிரி செல்சியஸ் போதும். நம் ஊரில் அதற்குத் தனி ஏற்பாடு தேவையில்லை. மேலே படரும் வழவழப்பான ஏடு நல்ல அறிகுறி. குலுக்கினால் அது மூழ்கி, வேலை தாமதப்படும். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு போன்ற பூசணம் கண்டால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

ஒன்று முதல் இரண்டு மாதங்களில் ஆல்கஹால் வாடை மறையும். பி.எச். தாள் புளிப்பின் கடுமையைக் காட்டுமே தவிர, எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று சொல்லாது. மீன் ஊறுகாய்க்குப் பயன்படுத்துவதானால் அளந்தே தீர வேண்டும். ஆய்வக வசதி உள்ளவர்களிடம் கொடுத்து, ஃபினாப்தலீன் என்ற நிறங்காட்டி சேர்த்த 10 மி.லி. காடி நிறம் மாற 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு செலவாகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்: 6.7 மி.லி. என்றால் அமிலம் 4 சதவீதம்.

அதன் பிறகும் திறந்தே வைத்திருந்தால், ஆல்கஹால் தீர்ந்ததும் சில வகை பாக்டீரியாக்கள் அமிலத்தையே உண்டு கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும். ஆகவே அடுத்த முறைக்குத் தாய்க்காடியை எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை 70 டிகிரி வரை சூடாக்கி, கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள்.