கான்ஃபிக் கேஷ் போட்ட பிறகு லாராவெல் ஏன் என்வ் ஃபைலை மதிப்பதில்லை?

கேஷ் இல்லாதபோது, பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கான லாராவெல் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும், பாஸ்வேர்டு போன்ற செட்டிங்குகள் இருக்கும் என்வ் ஃபைலைப் (.env) படித்து, கான்ஃபிக் ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை முதலிலிருந்து ஓட்டும். லாராவெலின் கமாண்ட் டூலான ஆர்ட்டிசனில் கான்ஃபிக் கேஷ் கமாண்டைக் கொடுத்தால், அந்த நொடியில் கிடைத்த மதிப்புகள் ஒரே பிஎச்பி அரேயாக பூட்ஸ்ட்ராப்/கேஷ் ஃபோல்டரில் எழுதப்படும். அதற்குப் பிறகு என்வ் ஃபைலைத் திறப்பதே இல்லை.

இதனால்தான் கன்ட்ரோலரிலோ பிளேடு டெம்ப்ளேட்டிலோ என்வ் ஃபங்ஷனை நேரடியாக அழைக்கக் கூடாது. லோக்கலில் சரியாக ஓடும். கேஷ் போட்ட சர்வரில், சிஸ்டம் அளவில் வைத்த வேரியபிள் தவிர மற்ற எல்லாமே நல் (null, வெற்று மதிப்பு) ஆகிவிடும். இரண்டாவது ஆர்கியுமென்ட்டாக டிஃபால்ட் கொடுத்திருந்தால் இன்னும் மோசம்: எரர் எதுவும் வராமல் அந்த டிஃபால்ட்டே ஓடிக்கொண்டிருக்கும். பேமென்ட் கீக்கான என்வ் அழைப்பை சர்வீசஸ் கான்ஃபிக் ஃபைலில் வைத்து, கோடில் கான்ஃபிக் ஃபங்ஷன் வழியாகவே எடுங்கள். ஆப், ரவுட்ஸ், வியூஸ் மூன்று ஃபோல்டர்களிலும் என்வ் அழைப்பு மிச்சம் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, லோக்கல் மெஷினில் கேஷை விட்டுவைத்து டெஸ்ட் ஓட்டுவது. டெஸ்ட் செட்டிங்குகள் இருக்கும் பிஎச்பியூனிட் எக்ஸ்எம்எல்லில் டெஸ்ட் டேட்டாபேஸ் பெயர் சரியாகவே இருக்கும். ஆனால் கேஷில் உறைந்திருப்பது உங்கள் டெவலப்மென்ட் டேட்டாபேஸ். டெஸ்டில் சேர்த்திருக்கும் ரெஃப்ரெஷ் டேட்டாபேஸ் ட்ரெய்ட் போய் அதன் டேபிள்களை எல்லாம் அழித்துவிட்டு மைக்ரேஷனை ஓட்டும். டெஸ்டுக்கு முன் கான்ஃபிக் கிளியர் கட்டாயம்.

டாக்கர் பில்ட் நடக்கும்போதே கேஷ் போடுவதும் தவறு. அப்போது நிஜப் பாஸ்வேர்டு இருக்காது. இருந்தால் இமேஜுக்குள்ளேயே பதிந்துவிடும். ஸ்டோரேஜ் பாத் முழு முகவரியாகப் பதிவதால், வேறு ஃபோல்டரில் கேஷ் போட்டுக் கொண்டுவந்தாலும் உடையும். கன்டெய்னர் கிளம்பும்போது, என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்டில் போடுங்கள்.

என்வ் ஃபைலை மாற்றினால் கேஷை மறுபடி போட வேண்டும், அதோடு முடியாது. கம்பைல் ஆன பிஎச்பி கோடை நினைவில் வைக்கும் ஓப்கேஷில், ஃபைல் மாறியதா என்று பார்க்கும் வேலிடேட் டைம்ஸ்டாம்ப்ஸ் 0 என்றிருந்தால், சர்வரில் பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி எஃப்பிஎம்-ஐ ரீலோட் செய்யாதவரை பழைய அரேதான் ஓடும். பின்னணி வேலைகளைச் செய்யும் க்யூ வொர்க்கர்களுக்கு க்யூ ரீஸ்டார்ட் கமாண்ட் தனியாக வேண்டும்.

கான்ஃபிக் ஃபைலில் குளோஷர் (பெயரில்லாத ஃபங்ஷன்) இருந்தால் கமாண்டே எரர் காட்டி நின்றுவிடும். கிளாஸ் பெயரும் ஸ்டாடிக் மெத்தட் பெயரும் கொண்ட அரேயாக மாற்றினால் போதும்.

இன்னொரு பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கான சிம்ஃபனியில் சர்வீஸ் கன்டெய்னரே (டாக்கர் கன்டெய்னர் அல்ல) கம்பைல் ஆகிறது. அங்கே யாமல் கான்ஃபிக் ஃபைலில் சதவீதக் குறிகளுக்குள் எழுதும் என்வ் மதிப்பு ரன்டைமில்தான் நிரப்பப்படும். அதே மதிப்பை பிஎச்பி கான்ஃபிக்கில் கெட்என்வ் போட்டு எடுத்தால் கம்பைல் ஆன நேரத்து மதிப்பே நிற்கும்.